நீலகிரியில் நாய்: வேட்டைக் கொட்டிலிலிருந்து தத்தெடுப்பு வரை

நீலகிரியில் நாய் வளர்ப்பது ஒருபோதும் அந்தந்த வீட்டோடு முடிந்த காரியமாக இருந்ததில்லை. ஊரும் தேயிலைத் தோட்டமும் சோலைக்காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மலை இது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ பல வீடுகளின் கொல்லைக்கதவைத் திறந்தால் தேயிலைச் செடிகள். அவற்றைத் தாண்டினால் ஓடை. ஓடைக்கு அப்பால் காடு. அவிழ்த்துவிடப்பட்ட நாய் சிறிது நேரத்தில் இந்த மூன்றையும் சுற்றி வந்துவிடும். அது யாரையாவது கடித்தால் ஊர் பதறும். குட்டி போட்டால் தெருவில் நாய்கள் பெருகும். சிறுத்தைக்கு இரையானால் அந்தச் சிறுத்தை மறுபடியும் அதே வாசலுக்கு வரும்.

ஆங்கிலேயர் குடியேறிய பின் கழிந்த இருநூறு ஆண்டுகளில் இந்த மலையில் நாய்களை நடத்திய விதம் பலமுறை மாறியிருக்கிறது. வேட்டைக்காக வளர்த்தார்கள்; நோய்க்குப் பயந்து கொன்றார்கள்; தடுப்பூசி கண்டார்கள்; கருத்தடை செய்யத் தொடங்கினார்கள்; இப்போது வீடற்ற நாய்க்கு வீடு தேடுகிறார்கள். குன்னூரில் எழுந்த தடுப்பூசி நிலையமும் உதகையில் எழுந்த கால்நடை மருத்துவப் பயிற்சி மையமும் இந்த மாவட்டத்துக்கு வெளியேயும் பயன்பட்டவை. ஆனால் எந்த நிறுவனம் எவ்வளவு செய்தாலும் வளர்ப்பவர் செய்ய வேண்டிய பங்கு ஒன்று எப்போதும் மீதமிருந்தது. அந்தப் பங்கு என்ன என்பதை இந்த ஊர்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்டதே இந்த வரலாறு.

எருமை வளர்த்த மலை

நாய்க்கு முன்பே இந்த மலையில் விலங்கு வளர்ப்புக்கு ஆழமான மரபு உண்டு. இந்த மலையின் பழங்குடியினரான தோடர்களின் வாழ்க்கை எருமையைச் சுற்றியே அமைந்தது. கோயில் எருமைக்கும் வீட்டு எருமைக்கும் வேறுபாடு உண்டு. கோயில் எருமையின் பாலைக் கறந்து கடைந்து கையாளும் உரிமை பூசாரிக்கு மட்டுமே. பெண் எருமைகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. எந்த எருமை எந்தக் குலத்துக்கு உரியது, எந்த மந்துக்கு (தோடர் குடியிருப்புக்கு) எப்போது ஓட்டிச் செல்லப்பட வேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோடர்களைப் பற்றி விரிவாக எழுதிய மானிடவியலாளர் ரிவர்ஸ், தம் நூலில் பெரும்பகுதியை இந்த எருமைச் சடங்குகளுக்கே ஒதுக்க வேண்டியிருந்தது. விலங்கை வைத்திருப்பவருக்கு அதன்மேல் உரிமை மட்டுமல்லாமல் கடமையும் உண்டு என்ற எண்ணம் இந்த மலைக்கு வெளியிலிருந்து வரவில்லை.

பெயருள்ள நாயும் பெயரற்ற நாயும்

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிப் பக்கம் வந்து தங்கினார். 1820-களில் உதகையில் கல் வீடும் ஏரியும் உருவாயின. குளிர்ந்த காற்றை நாடி அதிகாரிகளும் ராணுவத்தினரும் தோட்ட முதலாளிகளும் தொடர்ந்து வந்தார்கள். அவர்களோடு வேட்டை நாய்களும் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே உதகையின் புல்வெளிகளில் நாய்க்கூட்டத்தை வைத்து நரி துரத்தும் வேட்டை தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் துரத்திய செந்நரி இங்கே இல்லாததால் குள்ளநரியைத் துரத்தினார்கள். அதற்கென்றே ‘ஃபாக்ஸ்ஹவுண்டு’ இன நாய்களை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபு இந்த வேட்டையில் ஆர்வம் மிக்கவர். உதகைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் புல்வெளிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

அந்த நாய்களுக்குத் தனிக் கொட்டில், தனிப் பணியாள், அளந்து போடும் உணவு எல்லாம் இருந்தன. தாய் எது, தந்தை எது என்ற கணக்கும் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின், குவெட்டாவிலிருந்து 1947-ல் வெலிங்டனுக்கு மாற்றப்பட்ட முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி இந்த வேட்டை மரபைத் தொடர்ந்தது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, காலப்போக்கில், உயிருள்ள நரியைத் துரத்துவதற்கு இடமில்லாமல் போயிற்று.

இதே காலத்தில் சந்தையிலும் தோட்டத்து லைன் வீடுகளிலும் வளர்ந்த நாட்டு நாய்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காப்பியும் பிறகு தேயிலையும் பரவியபோது சமவெளியிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் மலையேறின. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியபோது கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் புதிய லைன்கள் எழுந்தன. வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த வீடுகளில் நாய்தான் இரவுக் காவல். கரடி வந்தாலும் காட்டெருமை வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அதுவே. ஒரு வீட்டில் மிச்சச் சோறு, இன்னொரு வீட்டுத் திண்ணையில் படுக்கை என்று அது லைன் முழுவதற்கும் பொதுவான நாயாக வளர்ந்தது. எல்லோருக்கும் சொந்தமான அந்த நாய்க்கு ஊசி போட அழைத்துச் செல்லும் பொறுப்பு மட்டும் எவருக்கும் உரியதாக இல்லை. மலையின் நாய்ப் பிரச்சினை பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்தே கிளம்பியது.

ஒரு மரணமும் ஒரு நிறுவனமும்

வெறிநோய்க் கிருமி உடலில் நுழைந்த பின் நரம்புகளின் வழியே மெதுவாக மூளையை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் கழித்தே அறிகுறி தெரியும். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகி நடுங்கும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. கடிபட்டதற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடையிலுள்ள நாட்களே சிகிச்சைக்குக் கிடைக்கும் காலம். 1885 ஜூலை 6-ல் பாரிஸில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து செலுத்தியபோது இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்தினார். கிருமி ஏறிய முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, அதன் வீரியம் குறைந்த பிறகு, நாள்தோறும் சிறிது சிறிதாக உடலுக்குப் பழக்குவது அவர் முறை.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை தரும் முதல் நிலையம் 1900-ல் இமயமலை அடிவாரத்தில் உள்ள கசௌலியில் தொடங்கியது. தென்னிந்தியாவில் கடிபட்டவர் அங்கே போய்ச் சேர இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் பயணம் செய்ய வேண்டும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண், வெறிநாய் கடித்து, தக்க சிகிச்சை அருகில் கிடைக்காமல் இறந்துபோனார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை அந்த மரணத்தால் வலுப்பெற்றது. இந்தியாவின் நலனுக்காக அமெரிக்க வள்ளல் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையிலிருந்து 1 லட்சம் ரூபாய் இதற்குக் கிடைத்தது.

1907 ஏப்ரல் 6-ல் குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே, தென்னிந்திய பாஸ்டர் நிலையம் செயல்படத் தொடங்கியது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில், மருந்து தயாரிக்கவும் கெடாமல் வைக்கவும் இந்தத் தட்பவெப்பம் ஏற்றதாக இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-லேயே குன்னூர் வரை வந்துவிட்டிருந்ததும் வசதியாயிற்று. தெற்கின் பல மாவட்டங்களிலிருந்தும் கடிபட்டவர்கள் பல்சக்கர ரயிலில் ஏறி இந்த ஊரில் வந்து இறங்கினார்கள்.

தொப்புளைச் சுற்றி ஊசி

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் வேறொரு தடுப்பு மருந்தை உருவாக்கினார். வெறிநோய்க் கிருமியை விலங்கின், பெரும்பாலும் ஆட்டின், மூளையில் வளர்த்து, அந்தத் திசுவை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்த மருந்து அது. எளிதில் தயாரிக்கலாம், பாட்டிலில் அடைத்து வெளியூருக்கு அனுப்பலாம். இதனால் நோயாளி மலையேறி வர வேண்டிய கட்டாயம் படிப்படியாகக் குறைந்தது. மருந்து குன்னூரிலிருந்து கீழே இறங்கி மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நாய்க்கடி என்றாலே நினைவுக்கு வந்தது இந்த ஊசிதான். கடுமையான கடி என்றால் நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு நாள் வரை வயிற்றில் போடுவார்கள். மருந்தின் அளவு அதிகம் என்பதால், தோல் தளர்ந்து இடம் கொடுக்கும் வயிற்றுப் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருநாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம், அடுத்த நாள் சற்று மேலே என்று தொப்புளைச் சுற்றி இடம் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். போட்ட இடமெல்லாம் தடித்து வலிக்கும். வலிக்குப் பயந்து பாதியில் நின்றுவிட்டவர்கள் உண்டு. மூளைத் திசு கலந்த மருந்து என்பதால் அரிதாகச் சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. இந்த மருந்துக்காக எண்ணற்ற ஆடுகளும் பலியாயின.

நாய் மீதான அச்சத்தில் பாதி இந்த ஊசி மீதான அச்சம். கடித்த நாய் வெறிநாயா இல்லையா என்று பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. நாய் கடித்துவிட்டது என்ற செய்தி பரவினால் கல்லும் தடியும் முதலில் வந்தன.

மூளைத் திசு மருந்தைக் கைவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1980-களிலேயே அறிவுறுத்தியது. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004 இறுதியில்தான் நின்றது. குன்னூர் நிலையம், 1977-ல் ‘இந்திய பாஸ்டர் நிலையம்’ என்ற தன்னாட்சிச் சங்கமாக மாறிய பின், ‘வீரோ’ செல்களில் கிருமியை வளர்த்துத் தயாரிக்கும் நவீன மருந்துக்கு நகர்ந்தது. உற்பத்தித் தரவிதிகளைக் காரணம் காட்டி 2008 ஜனவரியில் அதன் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. 2010-ல் அந்தத் தடை நீங்கியது. இன்று கையின் மேல்பகுதியில் சில ஊசிகளோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது. தோலுக்குள் மிகச் சிறிய அளவில் செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 என நான்கு நாட்கள் மருத்துவமனைக்குச் சென்றால் போதும். எந்த மருந்து வந்தாலும், கடிபட்ட உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும்.

கொல்வதிலிருந்து கருத்தடைக்கு

மனிதருக்கு மருந்து கிடைத்தது. நாய்க்கு நெடுங்காலம் வரை கிடைத்தது தண்டனைதான். உரிமையாளர் இல்லாத நாயைப் பிடித்துக் கொல்வதே மாகாணம் முழுவதும் நகராட்சிகளின் வழக்கம். 1866-ல் நகராட்சிகளான உதகையும் குன்னூரும் அந்த ஏற்பாட்டுக்குள் அடங்கியவையே. கழுத்துப் பட்டையும் உரிமமும் உள்ள நாய் தப்பிக்கும், மற்றவை தப்பாது. லைன் வீட்டுப் பொது நாய்க்குப் பட்டை வாங்கிப் போட யாரும் இருக்கவில்லை.

விலங்குகளின் பக்கம் நின்று பேசும் அமைப்புகள் இந்தியாவில் 1861-ல் கல்கத்தாவில் தொடங்கின. 1890-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் போதாமையை எடுத்துக்காட்டி, மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அதன் விளைவாக 1960-ல் புதிய சட்டம் நிறைவேறியது. 1962-ல் அவரையே தலைவராகக் கொண்டு இந்திய விலங்கு நல வாரியம் சென்னையில் அமைந்தது. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வளர்க்கும் விலங்கைப் பட்டினியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் கைவிடுவதைக் குற்றமாக்கியது. முதல் முறை குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்தத் தொகை உயரவில்லை. நாயைக் கைவிடுவது குற்றம் என்பதே பலருக்குத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெருநாய்களைக் கொல்வதால் எண்ணிக்கை குறையாது என்று 1960-களிலிருந்தே வாதிட்ட அமைப்பு, 1959-ல் கேப்டன் சுந்தரம் சென்னையில் நிறுவிய ப்ளூ கிராஸ். ஒரு தெருவின் நாய்களை அகற்றினால், அங்கே கிடைக்கும் குப்பையும் உணவும் பக்கத்துத் தெருவின் நாய்களை இழுக்கும். வந்தவை தடுப்பூசி போடாதவை. ஆண்டுக்கு இருமுறை குட்டி போடக்கூடியவை. மாறாக, இருக்கும் நாய்க்கே கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே தெருவில் விட்டால், அது புதிய நாய்களை உள்ளே விடாது. அதன் கூட்டமும் பெருகாது. சென்னை மாநகராட்சி 1996-ல் கொல்வதை நிறுத்தி இந்த முறைக்கு மாறியது. 2001-ல் மத்திய அரசு வெளியிட்ட விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுவதற்கும் இதை வழியாக்கின. 2023-ல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன.

மாவனல்லாவும் உதகையும்

நீலகிரியில் கைவிடப்பட்ட விலங்குகளுக்கு இடம் தரும் முயற்சிகள் விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தொடங்கின. நீலகிரி விலங்கு நலச் சங்கம் அவற்றுள் பழையது. 1990-களில் ‘இந்தியா ப்ராஜக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்’ என்ற அமைப்பு, மசினகுடிக்கு அருகே மாவனல்லாவில் ‘ஹில் வியூ’ பண்ணைக் காப்பகத்தை நடத்தத் தொடங்கியது. இடத் தேர்விலேயே ஒரு கருத்து இருந்தது. மாவனல்லா முதுமலையின் ஓரத்தில், சீகூர்ப் பீடபூமியில் உள்ள ஊர். அங்கே மாடும் கழுதையும் மட்டக்குதிரையும் நாயும் காட்டு விலங்குகள் நடக்கும் அதே தடத்தில் மேய்கின்றன, திரிகின்றன. அவற்றுக்குத் தடுப்பூசியும் சிகிச்சையும் தருவது காட்டையும் காப்பதாகும். சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குச் சென்று வைத்தியம் பார்ப்பதும், இனி உழைக்க முடியாத விலங்கைக் கடைசிவரை வைத்துப் பராமரிப்பதும் காப்பகத்தின் வேலைகளாயின.

கருத்தடை அறுவையைத் திறம்படச் செய்யும் கால்நடை மருத்துவர்கள் போதாமல் இருந்ததே அடுத்த தடை. 2003-ல் பிரிட்டனில் லூக் கேம்பிள் நிறுவிய ‘வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ்’ அமைப்பு, இதற்கென்றே உதகைக்கு அருகில் பன்னாட்டுப் பயிற்சி மையம் ஒன்றை அமைத்தது. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் இங்கே வந்து கற்றுச் செல்கிறார்கள்.

கருத்தடை வேலை நடக்கும் முறை இது. நாய் எந்தத் தெருவில், எந்த வீட்டுக்கு எதிரே பிடிபட்டது என்று முதலில் குறித்துக்கொள்வார்கள். வலையால் பிடித்து, வண்டியில் ஏற்றி, தனிக்கூண்டில் விட்டு, உடல்நிலையைச் சோதிப்பார்கள். மயக்க மருந்து கொடுத்தபின் பெண் நாய்க்குச் சிறிய கீறல் வழியே கருப்பையையும் சூலகத்தையும் நீக்குவார்கள். ஆண் நாய்க்கு விரைகளை நீக்குவார்கள். மயக்கம் தெளிவதற்குள் வெறிநோய்த் தடுப்பூசி போடப்படும். ஒரு காதின் நுனியில் சிறிய வெட்டும் இடப்படும். அந்தக் காது வெட்டுதான் நாய் சுமந்து திரியும் சான்றிதழ். தூரத்திலிருந்து பார்த்தாலே இதற்குக் கருத்தடை ஆகிவிட்டது, மறுபடி பிடிக்க வேண்டாம் என்று தெரியும். புண் ஆறியதும் குறித்துவைத்த அதே இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். கீறல் சிறிதாகவும் கை வேகமாகவும் இருந்தால் நாய் விரைவில் தேறும், கூண்டு அடுத்த நாய்க்குக் கிடைக்கும். பயிற்சியின் நோக்கமும் இதுவே.

பயிற்சி மையத்தை அமைத்த இதே அமைப்பு 2013-ல் ‘மிஷன் ரேபிஸ்’ இயக்கத்தைத் தொடங்கியது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுபடும் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. கோவாவில் இந்த இயக்கமும் மாநில அரசும் சேர்ந்து தெருத்தெருவாக ஊசி போட்டதன் பயனாக, 2021-ல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய் வழியே வருவது. நாய் வழி வெறிநோயை 2030-க்குள் ஒழிக்க 2021 செப்டம்பர் 28-ல் இந்தியா தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. கடிபட்ட மனிதனுக்கு மருந்து என்று 1907-ல் குன்னூரில் தொடங்கிய வேலை, கடிக்கக்கூடிய நாய்க்கே மருந்து என்ற இடத்துக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

சீசன் முடிந்தபின் குதிரை

பொறுப்பற்ற வளர்ப்பு நாயோடு நிற்பதில்லை. உதகை ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகள் கோடை சீசனில் உரிமையாளருக்கு வருமானம் தருபவை. சீசன் ஓய்ந்தால் தீவனச் செலவு சுமையாகிவிடுகிறது. அப்போது அவிழ்த்துவிடப்படும் குதிரைகள் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் சாலை நடுவிலும் திரிந்து, குப்பைத்தொட்டியில் வாய் வைக்கின்றன. பிளாஸ்டிக் விழுங்கியும் வண்டி மோதியும் அவை படும் துன்பம் நகரவாசிகளுக்கு நன்கு தெரிந்தது. நகராட்சி அவ்வப்போது பிடித்து அபராதம் விதிப்பதும், சில நாள் கழித்து மறுபடியும் அவை தெருவுக்கு வருவதும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. வேலை இருக்கும் வரை தீனி, வேலை முடிந்தால் தெரு என்ற இந்த வழக்கத்தின் இறுதிச் செலவைக் காப்பகங்களே ஏற்கின்றன.

காட்டின் ஓரத்தில்

சமவெளி நகரங்களில் இல்லாத ஒரு கவலை நீலகிரியில் நாய் வளர்ப்புக்கு உண்டு. உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களுக்குள் சிறுத்தை இரவில் வருவது பெரும்பாலும் நாய்க்காகத்தான். திறந்து கிடக்கும் குப்பை நாய்களைச் சேர்க்கிறது. நாய்கள் சிறுத்தையை வரவழைக்கின்றன. சிறுத்தை வீட்டு வாசலில் படுத்திருந்த நாயைத் தூக்கிச் செல்வது கண்காணிப்புக் கேமராக்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது. நாயைக் கட்டிப்போட்டிருந்தால் அதற்கு ஓடித் தப்பவும் வழியில்லை. ஆகவே இரவில் நாயைக் கதவுள்ள இடத்துக்குள் வைப்பது இங்கே நாயின் உயிருக்கும் வீட்டாரின் பாதுகாப்புக்கும் சேர்ந்தே தேவையாகிறது.

கூட்டமாகத் திரியும் நாய்கள் மான் குட்டிகளையும் சிறு விலங்குகளையும் துரத்திக் கொல்கின்றன. நாயிடமிருந்து காட்டுக்குப் பரவும் நோய்கள் அதைவிட ஆபத்தானவை. நாய்களுக்கு வரும் ‘டிஸ்டெம்பர்’, ‘பார்வோ’ நோய்கள் செந்நாய்களுக்கும் தொற்றக்கூடியவை. உலகில் அழிந்துவரும் இனங்களில் ஒன்றான செந்நாய்க்கு முதுமலையும் அதைச் சுற்றியுள்ள நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமும் முக்கியமான வாழிடம். கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் ஒன்றுக்கு வந்த நோய் கூட்டம் முழுவதற்கும் பரவிவிடும். காட்டை ஒட்டிய லைன் வீட்டு நாய்க்கு ஆண்டுக்கொருமுறை போடும் ஊசி, அந்த நாயோடு செந்நாய்க் கூட்டத்தையும் காக்கிறது.

வாங்குவதும் தத்தெடுப்பதும்

கோடை சீசனில் உதகையில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் நாய்க் கண்காட்சி பழைய மரபு. வெளிநாட்டு இனங்களோடு இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய தமிழ்நாட்டு இனங்களும் அதில் இடம்பெறுகின்றன. இத்தகைய காட்சிகள் நாய் மீது ஆசையை வளர்த்தன. ஆசையின் பேரில் விலை கொடுத்து வாங்கியவர்களில் சிலர், குட்டி வளர்ந்து பெரிதானதும், மாற்றலாகிப் போகும்போதும், நோய் வந்தபோதும் அதைத் தெருவில் விட்டார்கள். காப்பகங்களுக்கு வரும் நாய்களில் இனநாய்களும் இருப்பதற்கு இதுவே காரணம்.

வணிகத்தை முறைப்படுத்த 2017-ல் நாய் இனப்பெருக்க விதிகளும் 2018-ல் வளர்ப்பு விலங்குக் கடை விதிகளும் வந்தன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது அவற்றுள் முக்கியமானது. அதற்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு நோய் எதிர்ப்பாற்றலும் குறைவு. பிற நாய்களோடு பழகும் விதமும் தெரியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது.

தெருநாய்களைத் தத்தெடுப்பதற்கு இப்போது சட்ட ஏற்பும் உண்டு. 2025 ஆகஸ்ட் 22-ல் தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து நாயைத் தத்தெடுக்கலாம் என்றது. அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எடுத்தவருடையது என்றும் அது சொன்னது. உரிமையோடு கடமையையும் சேர்த்தே கொடுத்த உத்தரவு அது.

காப்பகத்திலிருந்து நாய் எடுப்பவரிடம் பொறுப்பாளர்கள் கேட்கும் கேள்விகளும் இந்தக் கடமையைப் பற்றியவையே. வீடு சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? தோட்டத்து வேலை என்றால் வேலை மாறும்போது நாய் என்ன ஆகும்? பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? இரவில் எங்கே படுக்கும்? வயதான நாயையோ மூன்று கால் நாயையோ கேட்பவர் குறைவு. குட்டியையே பலரும் கேட்பார்கள். ஆனால் குட்டி எப்படி வளரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்த நாயின் குணம் தெரிந்தது. கருத்தடையும் ஊசியும் பெரும்பாலும் முடிந்திருக்கும். மலையின் குளிரும் மழையும் பழகிய நாட்டு நாய், தடித்த உரோமத்தோடு தனிப் பராமரிப்பு கேட்கும் வெளிநாட்டு இனத்தைவிட இங்கே எளிதில் வாழும்.

வளர்ப்பவர் செய்ய வேண்டியவை நீண்ட பட்டியல் அல்ல. மூன்று மாத வயதில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பின்பு மருத்துவர் சொல்லும் நாளிலும் ஆண்டுதோறும் மறு ஊசி. டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகள் தனி. ஆறு மாதம் கடந்ததும் கருத்தடை. வெளியே அழைத்துச் செல்லும்போது கழுத்துப் பட்டையும் கயிறும். இரவில் கதவுள்ள இடம். குப்பையை மூடி வைப்பது. ஊரை விட்டுப் போகும் நிலை வந்தால் நாயைத் தெருவில் விடாமல் வேறு வீடோ காப்பகமோ தேடி ஒப்படைப்பது. லைன் வீடுகளின் பொது நாய்க்கும் இதே கணக்குத்தான். யாரோ ஒருவர் அதன் பெயரில் ஊசிச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த தேதியை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த மலையில் நாய்க்கடிக்கு மருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது, கருத்தடை செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன, கைவிடப்பட்டதை ஏற்கும் காப்பகங்கள் இருக்கின்றன, சட்டமும் இருக்கிறது. ஆனால் காப்பகத்தின் கூண்டுகளுக்கு ஓர் அளவு உண்டு. நாயை எடுத்தவர் அதன் ஆயுள் முழுவதும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும், தம்மிடமே வைத்துக்கொள்ளும்போதுதான் அந்தக் கூண்டு அடுத்த விலங்குக்குக் காலியாகிறது.